மண்ணுக்குள் ஒரு பேரேடு
புதைபொருள் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய தகப்பனார்களுக்கும் ஒரு பாடம்



சென்ற மாதம் நம் சங்க அங்கத்தினர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஜவுளி வியாபாரம் செய்பவர். அவருடைய மூத்த மகன் பள்ளி இறுதித் தேர்வில் நல்ல முறையில் தேறியிருக்கிறான். "மேலே என்ன படிக்கப் போகிறாய் தம்பி, கணக்கியலா, சட்டமா?" என்று இவர் கேட்க, "அத்தா, நான் புதைபொருள் ஆராய்ச்சி படிக்கப் போகிறேன்" என்று பையன் சொன்னானாம். "மண்ணைத் தோண்டிச் சட்டி பானை பொறுக்குவதற்கா இத்தனை வருஷம் செலவு செய்து படிக்க வைத்தேன்?" என்று இவருக்குக் கோபம். பையனோ பிடித்த பிடியை விடவில்லை. வீட்டில் ஒருவருக்கொருவர் பேச்சு நின்றுவிட்டது.

"நீங்கள் அவனைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டு போனார். ஒரு சரக்கைப் பற்றித் தெரியாமல் விலை சொல்லக்கூடாது என்பது நம் தொழிலின் முதற்பாடம். ஆகவே அந்தத் தொழில் எப்படிப்பட்டது, அதைக் கற்க என்ன வேண்டும், அதில் பிழைக்க முடியுமா என்பதை முதலில் விசாரித்தேன். விசாரித்த பிறகு, பையனுக்குச் சொல்ல வேண்டிய புத்தியைவிடத் தகப்பனாருக்குச் சொல்ல வேண்டிய செய்திகளே அதிகம் என்று கண்டேன். நம்மில் பலர் வீட்டில் இதே கேள்வி எழக்கூடும். ஆதலால் அறிந்ததை எல்லாருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

1. இது புதையல் தேடும் தொழிலா?

அல்ல. கடைக்குள் திருடன் புகுந்தால் பெட்டியில் உள்ள ரொக்கத்தை எடுப்பான். பேரேட்டைத் திரும்பியும் பார்க்கமாட்டான். கணக்குப் பரிசோதகர் வந்தால் ரொக்கத்தைவிடப் பேரேட்டையே முதலில் கேட்பார். புதையல் தேடுகிறவன் முதல் வகை. புதைபொருள் ஆராய்ச்சியாளர் இரண்டாம் வகை. தங்கம் கிடைத்தாலும் ஓடு கிடைத்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது?

ஏன் அப்படிக் கேட்க வேண்டும்? நம் கடைகளில் அந்தக் காலத்தில் சிட்டைகளைக் கம்பியில் குத்தி வைப்போம். அடியில் இருப்பது பழைய சிட்டை. மேலே இருப்பது புதியது. ஒரு சிட்டையில் தேதி அழிந்துபோயிருந்தாலும், அதற்கு மேலும் கீழும் இருப்பவற்றின் தேதியைப் பார்த்து அதன் காலத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் யாராவது நடுவிலிருந்து அதை உருவி மேசைமேல் போட்டுவிட்டால், பிறகு அது வெறுங்காகிதம்.

மண்ணும் அந்தக் கம்பியைப் போன்றதே. மக்கள் குடியிருந்த இடத்தில் சாம்பலும் குப்பையும் இடிந்த சுவரும் அடுக்கடுக்காகப் படிகின்றன. கீழ் அடுக்கு முந்தியது, மேல் அடுக்கு பிந்தியது. இடையில் எலி வளை, கிணறு, அஸ்திவாரம் என்று குழப்பங்கள் உண்டு. மண்ணின் நிறத்தையும் பதத்தையும் பார்த்து அவற்றைக் கண்டுபிடிப்பதே இத்தொழிலின் முதல் கைவரிசை.

இதற்காக இடத்தை அளந்து, கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரிக்கிறார்கள். கொத்தனார் பிடிக்கும் சிறு கரணையால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறார்கள். எடுத்த மண்ணைச் சல்லடையில் சலிக்கிறார்கள். கிடைத்த ஒவ்வொரு துண்டையும் பையிலிட்டு, சதுர எண், அடுக்கு எண், தேதி ஆகியவற்றை எழுதிக் கட்டுகிறார்கள். படம் பிடிக்கிறார்கள், கையால் வரைகிறார்கள். அதன் பிறகு கழுவுவது, எண்ணுவது, எடை போடுவது, தரம் பிரிப்பது என்று மாதக்கணக்கில் வேலை. ஒரு நாள் தோண்டினால் பல நாள் எழுத வேண்டியிருக்கும். நம் கடைகளில் வருஷக் கடைசியில் சரக்கிருப்பு எடுப்போமே, ஏறக்குறைய அதே வேலைதான்.

கணக்கேட்டுக்கும் மண்ணுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பேரேட்டை நூறு முறை புரட்டிப் பார்க்கலாம். மண்ணை ஒரு முறைதான் வாசிக்கலாம். தோண்டிய பிறகு அந்தப் பக்கம் இல்லை. எழுதி வைத்த குறிப்பு ஒன்றே மிச்சம். குறிப்பு எழுதாமல் தோண்டுவது, படிப்பதற்கு முன்பே பக்கத்தைக் கிழித்து எறிவதாகும்.

2. காலத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேடு என்னும் ஊர் இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் அங்கே தோண்டினார். இத்தாலி தேசத்திலிருந்து கப்பலில் வந்த சிவப்புப் பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அந்தப் பாண்டம் இத்தாலியில் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆகவே அதே அடுக்கில் கிடந்த நம் நாட்டுப் பானை ஓடுகளுக்கும் காலம் கிடைத்தது. தேதியுள்ள சிட்டை தேதியில்லாத சிட்டைக்குச் சாட்சி சொன்னது போலாயிற்று. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அம்மையார் தலைமையில் அங்கே மறுபடியும் ஆராய்ந்து, ஊரின் ஆயுள் வீலர் நினைத்ததைவிட நீண்டது என்று கணக்கைத் திருத்தினார்கள். பெரிய மனிதர் எழுதிய கணக்கானாலும் சரிபார்க்கப்படும். தவறு கண்டால் திருத்தப்படும்.

இன்னொரு வழி ரசாயனம். உயிருள்ள மரமும் மிருகமும் காற்றிலிருந்து ஒருவகைக் கரியணுவைப் பெறுகின்றன. உயிர் போனபின் அது குறைந்துகொண்டே வந்து, 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால், அந்த விறகு வெட்டப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லலாம். இந்த முறையை 1949-ல் வெளியிட்ட வில்லர்டு லிப்பி என்ற அமெரிக்கருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது. புதைபொருள் ஆராய்ச்சிக்குச் சரித்திரம் மட்டும் போதாது, விஞ்ஞானமும் வேண்டும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

3. வியாபாரிகளாகிய நமக்கு இதில் என்ன சம்பந்தம்?

இதுதான் தகப்பனார் கேட்க மறந்த கேள்வி. ராஜாக்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். புலவர்கள் அவர்களைப் பாடி வைத்தார்கள். வியாபாரி தன் பெயரை எங்கே எழுதினான்? சரக்குப் பானையின்மேல் எழுதினான். கைச்சிட்டையில் எழுதினான். காரியம் முடிந்ததும் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனான். வியாபாரியின் சரித்திரம் பெரும்பாலும் குப்பைமேட்டில்தான் இருக்கிறது. அதை எடுத்து வாசிக்கத் தெரிந்தவர் இவர் ஒருவரே.

தாய்லாந்தின் தெற்கே, கிராபி மாகாணத்தில் குளோங் தொம் என்னும் ஊர் உண்டு. அங்கே ஒரு மேட்டுக்கு மணிமேடு என்று பொருள்படும் பெயர். பழங்காலத்துப் பாசிமணிகள் அவ்வளவு கிடைத்த இடம் அது. அங்கிருந்து வந்த ஒரு சிறு கல், பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் உரைகல். அதன்மேல் பழைய தமிழ் எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று வெட்டியிருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கடல் கடந்து பிழைக்க வந்த ஒரு தமிழ்த் தட்டான், தன் கருவி பிறர் கருவியோடு கலந்துவிடாதபடி பெயர் வெட்டி வைத்திருக்கிறார். நம் கடையில் தராசின் அடியிலும் படிக்கல்லிலும் பெயர் பொறிப்பதில்லையா? அதே காரியம்! ஆனால் அந்த மேட்டை மணிக்காகக் கண்டபடி வெட்டியவர்கள் பலர். அவர் கடை எங்கே இருந்தது, பக்கத்துக் கடைக்காரர் யார் என்று அந்த மண் சொல்லியிருக்கக்கூடிய கணக்கில் பெரும்பகுதி அவர்களோடு போய்விட்டது.

சுமாத்திராத் தீவின் மேற்குக் கரையில், கர்ப்பூரத்திற்குப் பேர்பெற்ற பாரூஸ் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873-ல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் கூட்டம், அங்கு வரும் கப்பல்காரர்கள் இவ்வளவு பொன் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதித்த ஒழுங்கு அதில் இருக்கிறது. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே கடல் கடந்த ஊரில் நம்மவர் சங்கம் வைத்துச் சந்தா வசூலித்திருக்கிறார்கள் என்றால் வியப்பல்லவா?

என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி எகிப்து தேசத்தைச் சேர்ந்தது. செங்கடல் கரையில் குசைர் அல்-கதீம் என்ற பாழடைந்த துறைமுகத்தைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 1978 முதல் 1982 வரை தோண்டினார்கள். கீழே, ரோமர் காலத்து அடுக்கில், பானை ஓடுகளின்மேல் கண்ணன் என்றும் சாதன் என்றும் தமிழ் எழுத்தில் பெயர்கள் இருந்தன. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்திய அடுக்கில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் வீடு இருந்தது. அதன் குப்பையில் அரபு மொழியில் எழுதிய காகிதத் துண்டுகள். படித்துப் பார்த்தால், 13-ஆம் நூற்றாண்டில் அங்கே வியாபாரம் நடத்திய அபூ முஃபர்ரிஜ் என்பவரின் குடும்பக் கணக்குகளும் கடிதங்களும். கோதுமை அனுப்பியது, மாவு வந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற விவரங்கள். நம் பெட்டியடியில் கிடக்கும் காகிதங்களுக்கும் அவற்றிற்கும் என்ன வித்தியாசம்? அவர் எந்தப் போரையும் வெல்லவில்லை, எந்த நாட்டையும் ஆளவில்லை. ஆயினும் அவருடைய சிட்டைகளை ஒருவர் பொறுமையாக எடுத்து, மணலைத் தட்டி, வாசித்தபடியால் இன்று அவர் பெயர் உலகத்திற்குத் தெரிகிறது.

நாம் நிற்கும் மண்ணுக்கு வருவோம். 1819-க்கு முன் சிங்கப்பூர் ஒரு மீன்பிடி கிராமம் என்றே நெடுங்காலம் பலர் எழுதி வந்தார்கள். 1928-ல் கேனிங் கோட்டைக் குன்றில் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டிய தொழிலாளர்களுக்குப் பழங்காலத் தங்க நகைகள் கிடைத்தன. நகை கிடைத்தது, அதன் காலத்து ஊர் எப்படிப்பட்டது என்று அப்போது தெரியவில்லை. 1984 ஜனவரியில் ஜான் மிக்சிக் என்ற ஆராய்ச்சியாளர் அதே குன்றில் முறைப்படி தோண்டினார். சிங்கப்பூரில் நடந்த முதல் முறையான அகழ்வு அதுவே. 14-ஆம் நூற்றாண்டின் அடுக்கு கலையாமல் இருந்தது. சீனப் பீங்கான், கண்ணாடி மணிகள், மண்பாண்டத் துண்டுகள்! அந்தக் காலத்திலேயே இது ஒரு வியாபாரப் பட்டணம் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி கிடைத்தது. தங்க நகை சொல்லாததை உடைந்த ஓடு சொல்லிற்று.

அதே காலத்துச் சீனப் பீங்கான், நம்மில் பலருடைய சொந்த ஜில்லாவாகிய இராமநாதபுரத்தில், பெரியபட்டினத்திலும் கிடைத்திருக்கிறது. ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமாவும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுப்பராயலுவும் 1980-களின் பிற்பகுதியில் அங்கே ஆராய்ந்து, 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பாண்டங்களைப் பட்டியல் போட்டார்கள். பெரியபட்டினத்து ஓட்டையும் கேனிங் குன்றின் ஓட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே கடல் வழியின் சரக்குகள் என்பது விளங்கும். அந்த வழியிலேதான் பின்னர் நம் பாட்டன்மார்களும் வந்தார்கள்.

4. லாபத்திற்குத் தோண்டலாமா?

வியாபாரி என்ற முறையில் இந்தக் கேள்வியை நாம் தட்டிக் கழிக்கக்கூடாது. 1998-ல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் ஒரு கப்பல் அகப்பட்டது. ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த, அரபுக் கடல் முறைக் கப்பல். சுமார் 60,000 சீனப் பாண்டங்கள் அதில் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826-க்குச் சமமான தேதி பொறித்திருந்தது. அந்தச் சரக்கு சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இருக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பார்க்கத்தக்கது. ஆனால் அதை எடுத்தது விற்பனை நோக்கமுள்ள ஒரு கம்பெனி. அவசரமாக எடுத்ததில் பல குறிப்புகள் தவறிப்போயின என்று ஆராய்ச்சியாளர் பலர் ஆட்சேபித்ததால், 2011-ல் வாஷிங்டனில் நடத்தவிருந்த கண்காட்சியே நிறுத்தப்பட்டது. சரக்கு சிதறாமல் ஒரே இடத்தில் வாங்கப்பட்டதே லாபம் என்று சொல்வோரும் உண்டு. இரு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

இதற்கு மாறான உதாரணமும் அருகிலேயே இருக்கிறது. பெத்ரா பிராங்கா தீவின் அருகே கிடைத்த இரண்டு கப்பல்களை, யூசோஃப் இஷாக் ஆய்வுக் கழகத்தின் தொல்பொருள் பிரிவினர் 2016 முதல் 2021 வரை பொறுமையாக ஆராய்ந்தார்கள். ஒன்று 14-ஆம் நூற்றாண்டுக் கப்பல். மற்றொன்று 1796-ல் சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வழியில் மூழ்கிய ஷா முன்ச்சா என்று கருதப்படுகிறது. விற்பனைக்கு ஒரு துண்டும் எடுக்கப்படவில்லை. ஐந்தாண்டு உழைப்பில் கிடைத்த லாபம் அறிவு ஒன்றே. புதைபொருளை விலைக்கு விற்பவன் இத்தொழிலைச் சேர்ந்தவன் அல்லன் என்பதைப் பையன்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

5. என்ன படிக்க வேண்டும்?

பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் நன்றாக வர வேண்டும். அவற்றோடு ஒரு விஞ்ஞானப் பாடமும் கணக்கும் இருந்தால் மிகவும் நல்லது. முதல் பட்டத்தைத் தொல்பொருள் ஆராய்ச்சியிலேயே எடுக்கலாம். அல்லது சரித்திரம், மண்ணியல், தென்கிழக்காசியக் கல்வி இவற்றில் ஒன்றை எடுத்துப் பின்னர் எம்.ஏ.வில் இதற்குத் திரும்பலாம். ஆராய்ச்சியை நடத்தும் பொறுப்புக்கு வருவதற்கு டாக்டர் பட்டமும் வேண்டியிருக்கும். ஆக, பள்ளியை விட்டபின் எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்வது உத்தமம்.

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் உண்டு. கெடாவின் சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்கும் உலைகளைத் தோண்டியெடுத்தவர்கள் இவர்களே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கும் தொல்லியலுக்கும் ஒரு துறையும், கடல்சார் தொல்லியலுக்கு ஒரு துறையும் இருக்கின்றன. புனா நகரத்தின் தக்காணக் கல்லூரியும் இத்துறையில் பேர்பெற்றது. படிக்கும்போதே விடுமுறைகளில் அகழ்வு நடக்கும் இடத்திற்குப் போய்த் தொண்டராக வேலை செய்வது மிக முக்கியம். வெயிலில் குந்தி உட்கார்ந்து ஒரு வாரம் மண் சலித்துப் பார்த்தால், தனக்கு இது ஒத்துவருமா என்பது பையனுக்கே தெரிந்துவிடும்.

மொழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் வீட்டிலே தமிழ் பேசுகிறார்கள். தெருவிலே மலாய் பேசுகிறார்கள். பள்ளியிலே ஆங்கிலம் படிக்கிறார்கள். ஓதும் பள்ளியிலே அரபு எழுத்தும் கற்கிறார்கள். இந்தக் கடற்கரைகளில் கிடைக்கும் கல்வெட்டுகள் தமிழிலும், அரபியிலும், ஜாவி எழுத்திலும் இருக்கின்றன. நம் பெரியவர்கள் அரபுத்தமிழில் எழுதிய ஏடுகளும் உண்டு. மற்றவர்கள் பல ஆண்டுகள் செலவழித்துக் கற்க வேண்டிய எழுத்துகளை நம் பிள்ளைகள் பத்து வயதிலேயே கையில் வைத்திருக்கிறார்கள். முதலீடு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் போட்டு வியாபாரம் செய்ய ஆள் இல்லை!

6. பிழைப்பு எப்படி?

உள்ளதைச் சொல்கிறேன். லட்சாதிபதி ஆவதற்கு இது வழியன்று. வேலை இடங்கள் குறைவு: பல்கலைக்கழகங்கள், அரும்பொருளகங்கள், அரசாங்க மரபுடைமை இலாகாக்கள். கட்டடமோ சாலையோ கட்டுமுன் இடத்தைப் பரிசோதிக்கும் ஒப்பந்த வேலைகளும் உண்டு. அவை ஒரு திட்டம் முடிந்தால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டிய வேலைகள். படிப்பு முடிந்து முதல் சில ஆண்டுகளுக்கு வீட்டின் ஆதரவு தேவைப்படலாம். இதைத் தகப்பனார் தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும். மகன் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

ஆனால் பொறுத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அகமது ஹசன் தானி என்பவர் 1920-ல் மத்திய இந்தியாவில் பாஸ்னா என்ற சிற்றூரில் பிறந்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் படித்து 1944-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார், அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் முஸ்லிம் மாணவர் அவரே. பிறகு தட்சசீலத்தில், மேலே சொன்ன வீலரிடம் அகழ்வுத் தொழில் கற்றார். டாக்காவில் பேராசிரியராக இருந்து, 1962-ல் பெஷாவர் பல்கலைக்கழகத்திற்குச் சென்று தொல்பொருள் துறையைத் தொடங்கினார். 2009-ல் மறையும் வரை, அவரை அறியாத சரித்திர அறிஞர் அத்தேசத்தில் இல்லை. "உனக்கு எதற்கு சமஸ்கிருதம்?" என்று யாரேனும் அவரைத் தடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

ஜான் மிக்சிக் 1968-ல் தொண்டராகக் கெடாவுக்கு வந்து விவசாயிகளோடு வேலை செய்தவர். 1979-ல் டாக்டர் பட்டம் பெற்றார். சிங்கப்பூரின் பழங்காலத்தைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 2013-ல் வெளிவந்தது. 2018-ல் அதற்குச் சிங்கப்பூர் சரித்திரப் பரிசு கிடைத்தது. கேனிங் குன்றில் முதல் குழி வெட்டியதற்கும் அந்தப் பரிசுக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள்!

பெண்மக்களுக்கும் இத்துறை திறந்தே இருக்கிறது. பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில், பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட மனிதனின் எலும்புக்கூட்டை 1990-91-ல் கண்டெடுத்த குழுவின் தலைவி பேராசிரியர் சுரைனா மஜீத் என்ற அம்மையார். பிறவியிலேயே ஒரு கை ஊனமான அந்த மனிதனை மரியாதையோடு அடக்கம் செய்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கு 2012-ல் உலக மரபுடைமை இடமாக ஏற்கப்பட்டது.

7. மகன் போகாவிட்டாலும் நாம் செய்ய வேண்டியது

இரண்டு கல்லின் கதையைச் சொல்கிறேன். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், யாராலும் வாசிக்க முடியாத எழுத்துகள் நிறைந்த ஒரு பெரும்பாறை இருந்தது. அரபு, தமிழ் வம்சத்தில் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா அதைக் கண்ணால் கண்டு, தம் சரித்திரத்தில் எழுதி வைத்தார். 1843-ல் இடம் வேண்டுமென்று அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்த எழுத்தின் பொருள் இன்றுவரை ஒருவருக்கும் விளங்கவில்லை.

மற்றொரு கல் திரங்கானுவில், கோலா பிராங் அருகே இருந்தது. 1887-ல் அங்கே போன சையித் உசேன் பின் குலாம் அல்-புகாரி என்ற வியாபாரியின் கண்ணில் பட்டது. இது வெறுங்கல் அன்று, இதில் எழுத்து இருக்கிறது என்று அவர் கவனித்தார். அதனால் அது காப்பாற்றப்பட்டது. மலாய் மொழியை ஜாவி எழுத்தில் எழுதிய மிகப் பழைய கல்வெட்டு என்று போற்றப்படும் திரங்கானுக் கல் அதுவே. கல்லில் உள்ள ஹிஜ்ரி 702-ஐக் கி.பி. 1303 என்று கொள்கிறார்கள். முதல் கல்லை இழந்தது அலட்சியத்தால். இரண்டாவது கல் கிடைத்தது ஒரு வியாபாரியின் கூர்மையான பார்வையால்.

என் சொந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடையின் பின்கட்டை இடித்துச் சாக்கடை போட்டபோது, நான்கு அடி ஆழத்தில் நீலப் பூ வரைந்த பீங்கான் துண்டுகள் கூடை கூடையாக வந்தன. "சீக்கிரம் லாரியில் ஏற்றுங்கள், மழை வருகிறது" என்று அவசரப்படுத்தியவன் நான்தான். அதே வாரத்தில், பாட்டனார் காலத்துக் கணக்குப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்ததைப் பழைய காகிதம் வாங்குபவனிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். எந்த ஊருக்கு எந்தச் சரக்கு போயிற்று, எந்தக் கப்பலில் யார் வந்தார் என்பதெல்லாம் அதில் இருந்திருக்கும். அபூ முஃபர்ரிஜின் குப்பையை எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் பொறுக்கினார்கள். எங்கள் பாட்டனாரின் கணக்கை நானே குப்பையாக்கினேன்.

ஆகவே சகோதரர்களே, கடையோ வீடோ இடித்துக் கட்டும்போது மண்ணில் பழம்பொருள் தென்பட்டால் வேலையைச் சிறிது நிறுத்துங்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள், ஆழத்தைக் குறியுங்கள், அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, மரபுடைமை ஆணையருக்கோ ஜில்லா அதிகாரிக்கோ அறிவிப்பது கடமை. சிங்கப்பூரில் தேசிய மரபுடைமைக் கழகத்திற்குச் சொல்லலாம். அங்கே 2021-ல் திருத்திய சட்டம் புதைபொருளுக்கும் காப்பளிக்கிறது. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், தனியார் நிலத்தில் இருந்த ஒரு பழங்கோயிலின் அடித்தளம் கட்டட வேலைக்காக இடிக்கப்பட்டது 2013 கடைசியில் வெளியாகி நாடெங்கும் வருத்தம் உண்டாயிற்று. பிறகு வருந்தி என்ன பயன்? எங்கிருந்து வந்தது என்று சொல்லமுடியாத பழம்பொருளை யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். நாம் வாங்குவதை நிறுத்தினால் அவன் தோண்டுவதை நிறுத்துவான்.

பழைய பேரேடுகள், ரசீதுகள், கப்பல் சீட்டுகள், கடிதங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கரையானுக்குக் கொடுக்காமல் காய்ந்த இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

முடிவுரை

நம் அங்கத்தினரிடம் இவ்வளவையும் சொன்னேன். நெடுநேரம் யோசித்தார். பின் மகனையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கேனிங் குன்றுக்குப் போனார். அங்கே காட்சிக்கு வைத்துள்ள அகழ்வுக் குழியின் அருகே பையன் ஒவ்வொரு அடுக்காக விளக்கிச் சொல்ல, இவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டில் பேச்சு மறுபடியும் தொடங்கியது அங்கேதான்.

ஒரு நிபந்தனையோடு அவர் சம்மதித்துவிட்டார். பல்கலைக்கழகம் திறக்கும் வரை பையன் தினமும் கடைக்கு வந்து, சரக்கிருப்பு எடுக்கவும் பேரேடு எழுதவும் கற்றுக்கொள்ள வேண்டும். "ஒரு பீஸ் துணி விடாமல் எழுதத் தெரியாதவன் ஒரு ஓடு விடாமல் எப்படி எழுதுவான்?" என்றார். பையன் இப்பொழுது பெட்டியடியில் உட்கார்ந்திருக்கிறான். கணக்கு நன்றாக எழுதுகிறான் என்று தகப்பனாரே சொல்கிறார்.